ரோசியின் முழங்கால் சிரட்டை

வெள்ளவத்தையில் எங்கள் தொடர்மாடியிலிருந்து காலையில் மரைன் டிரைவ் பக்கம் நடக்கும்போது, எங்கள் பொமரேனியன் ரோசி அடிக்கடி இடது பின்னங்காலை மடித்துத் தூக்கி, மூன்று காலால் இரண்டு எட்டுத் துள்ளி, பிறகு ஒன்றும் நடவாததுபோல நான்கு காலாலும் ஓடுவாள். அம்மா அதைக் "கெந்தி விளையாடுகிறாள்" என்பார். ஓராண்டுக்கு மேல் நாங்களும் அப்படியே நம்பியிருந்தோம். அது விளையாட்டன்று, முழங்காலின் முன்னால் மூடிபோல இருக்கும் சிறு எலும்பான சிரட்டை, தொடையெலும்பின் முனையிலுள்ள தன் பள்ளத்தைவிட்டு உட்பக்கமாக நழுவி, மறுபடி இடத்துக்கு வரும்வரை நாய் காலை ஊன்றாமல் வைத்திருக்கும் நடை. சிறிய இன நாய் வைத்திருப்பவர்கள் இந்த ஒன்றையாவது அறிந்திருக்க வேண்டும் என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

முதலில் போன இடத்தில் எக்ஸ்ரே எடுத்து, எலும்பெல்லாம் சரியாக இருக்கிறது, சுளுக்காக இருக்கலாம் என்று ஐந்து நாளுக்கு வலிமருந்து தந்தார்கள். படம் எடுத்த நேரத்தில் சிரட்டை இடத்தில் இருந்திருக்கிறது. இடையிடையே மட்டும் நழுவும் காலில் படம் குறையில்லாமல் தெரிவது வழமை என்பது பின்னர்தான் எங்களுக்கு விளங்கியது. இரண்டாவதாகப் பார்த்த மிருக வைத்தியர் படத்தைக் கேட்கவில்லை. ரோசியை நடக்கவிட்டுப் பார்த்தார். நிற்கவைத்து இரண்டு முழங்கால்களையும் ஒருசேரத் தடவினார். பிறகு பக்கவாட்டில் படுக்கவைத்து, காலை நீட்டிப் பாதத்தைச் சற்று உட்புறம் திருப்பியபடி பெருவிரலால் சிரட்டையைத் தள்ளினார். அது நழுவியதை என் விரலை வைத்து எனக்கும் காட்டினார். இந்தக் குறையை முதலில் கண்டுபிடிப்பது கைதான் என்று அன்று உணர்ந்தேன். முழங்காலுக்குள் எலும்புகளைப் பிணைக்கும் முன் சிலுவைத் தசைநார் அறுந்த நாயும் நொண்டும் என்பதால், கீழ்க்கால் எலும்பு முன்னோக்கி அசைகிறதா என்பதையும் அவர் சோதித்தார். அது உறுதியாக இருந்தது.

நழுவலை நான்கு படிகளாகப் பிரிக்கிறார்கள். கையால் தள்ளினால் மட்டும் விலகி, விட்டவுடன் தானே திரும்புவது முதற்படி. தானாகவே இடையிடையே விலகித் திரும்புவது இரண்டாவது. பெரும்பாலும் வெளியிலேயே கிடந்து, கையால் வைத்தாலும் மீண்டும் விலகுவது மூன்றாவது. வைக்கவே முடியாதது நான்காவது. முதற்படிக்குப் பொதுவாகக் கத்தி தேவையில்லை. எடையைக் குறைத்துக் கவனித்திருந்தால் போதும். ரோசியின் இடது கால் மூன்றாம் படிக்கு வந்திருந்தது. நாங்கள் கெந்தலை ரசித்திருந்த மாதங்களில் சிரட்டை பள்ளத்தின் விளிம்பில் உரசி உரசிக் குருத்தெலும்பைத் தேய்த்திருக்கிறது என்பதை நினைத்தால் இன்றும் மனம் கனக்கிறது.

சத்திரசிகிச்சை பற்றி வைத்தியர் தாளில் வரைந்தே விளக்கினார். தொடையின் முன்தசை, சிரட்டை, அதன் கீழுள்ள நார், கீழ்க்கால் எலும்பின் முன்மேடு ஆகிய நான்கும் ஒரே கோட்டில் இழுபட வேண்டும். ரோசிக்கு அந்த முன்மேடு உட்பக்கம் சாய்ந்திருந்ததால், கோடு வளைந்து சிரட்டையை உள்ளே இழுத்தது. வளரும் வயதில் சிரட்டை அழுத்திக்கொண்டிருந்தால்தான் தொடையெலும்பின் பள்ளமும் ஆழமாக உருவாகும். அந்த அழுத்தம் குறைந்ததால் பள்ளமும் ஆழமில்லாமல் போயிருந்தது. ஆகவே பள்ளத்தின் குருத்தெலும்பை ஆப்பு வடிவில் எலும்போடு வெட்டியெடுத்து, அடியை ஆழமாக்கி, அதே துண்டைத் திரும்பப் பதித்தார்கள். வழவழப்பான மேற்பரப்பு பறிபோகாமல் காப்பாற்றப்படுவதே இந்த முறையின் சிறப்பு. அடுத்து முன்மேட்டை அறுத்து வெளிப்பக்கம் நகர்த்தி, மெல்லிய உலோகக் கம்பிகளால் பொருத்தினார்கள். உட்பக்கத்தில் இறுகியிருந்த மூட்டுறையைத் தளர்த்தி, வெளிப்பக்கத்தைத் தைத்து இறுக்கினார்கள். பள்ளத்தை மட்டும் ஆழமாக்கி முன்மேட்டை விட்டுவிட்டால், இழுக்கும் கோடு வளைந்தபடியே இருப்பதால் சிரட்டை மீண்டும் நழுவக்கூடும் என்று அவர் அழுத்திச் சொன்னார்.

அதற்குப் பிந்திய வாரங்கள்தான் எங்களுக்குக் கடினமாக இருந்தன. அறுத்த எலும்பு ஒட்டும்வரை துள்ளலும் படியேற்றமும் கூடாதென்பதால், ஆறு வாரம் சிறிய கூட்டில் வைத்திருந்து, சிறுநீர் கழிக்க மட்டும் வயிற்றின் கீழ் துவாயைக் கொடுத்துத் தாங்கியபடி லிப்டில் இறக்கினோம். வழுக்கும் தரையோட்டின் மேல் வீடு முழுவதும் பாய் விரித்தோம். வலிக்கிறதே என்று ஒருவர் வீட்டிலிருந்த ஐபுரூபன் மாத்திரையில் பாதி கொடுக்கச் சொன்னார். அது நாயின் குடலிலும் சிறுநீரகத்திலும் பெரும் கேடு விளைவிக்கும் மருந்து. வைத்தியர் எழுதிக் கொடுத்ததைத் தவிர எதையும் கொடுக்காதீர்கள்.

ஆறாவது வாரம் எடுத்த படத்தில் முன்மேடு ஒட்டியிருந்தது. வலது கால் இன்னும் முதற்படியில் இருக்கிறது. ஞாயிறு காலைகளில் அவளைப் பக்கவாட்டில் படுக்கவைத்து, வைத்தியர் காட்டித் தந்தபடி பெருவிரலை வைத்துப் பார்த்துவிட்டுத்தான் நடக்கக் கூட்டிப் போகிறேன்.