நிராகரிப்புக் கடிதங்களோடு ஆசனூரில்: ஒரு களப்பணியாளரின் நாட்குறிப்பு

ஜனவரி 20, செவ்வாய்

ஈரோடு மாவட்டத்துத் தலமலைப் பக்கம், வன உரிமைச் சட்டத்தின் கீழ் காட்டில் வாழும் மக்கள் தங்கள் நிலத்துக்கு உரிமை கேட்டுப் போட்ட மனுக்களைப் பார்த்துக்கொண்டிருந்த தம்பி, திட்டக் காலம் முடிந்ததும் திருப்பூருக்கு வேலைக்குப் போய்விட்டார். மனுக்களின் நகல்கள் அலமாரியில் பத்திரமாக இருக்கின்றன. ஆனால் எந்தப் பெரியவருக்குப் பழைய எல்லை தெரியும், எந்த வீட்டில் தாத்தா காலத்து ரசீது இருக்கிறது என்பதெல்லாம் அவருக்கு மட்டுமே தெரிந்தவை. புதிதாக வந்த பெண் பிள்ளைகள் அடியிலிருந்து தொடங்க வேண்டியிருக்கிறது. இது எல்லா அமைப்பிலும் நடக்கிறது.

அதனால்தான் தெரிந்ததை ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ள வெள்ளிக்கிழமை ஆசனூரில் கூடுகிறோம். வருகிறவர்களிடம், “வெற்றிக் கதை வேண்டாம், நிராகரிப்புக் கடிதங்களைக் கொண்டு வாங்க” என்று சொல்லியிருக்கிறேன்.

ஜனவரி 23, வெள்ளி. ஆசனூர்

தாளவாடி, கடம்பூர், பர்கூர் எல்லாப் பக்கமிருந்தும் வந்துவிட்டார்கள். வேறு மாவட்டத்து நண்பர்களும் உண்டு. பயிற்சியாளர் என்று யாரையும் அழைக்கவில்லை. பாய் விரித்து, கடிதங்களை நடுவில் பரப்பி, ஆளுக்கொன்றாக எடுத்து உரக்கப் படித்தோம்.

பெரும்பாலானவற்றில் ஒரே வரிதான்: போதிய ஆவணம் இல்லை. என்ன ஆவணம், ஏன் போதாது என்று ஒரு சொல் கிடையாது. சில ஊர்களில் கடிதம் மனுதாரர் கைக்கே வரவில்லை. போய்க் கேட்டபிறகுதான் நகல் கிடைத்திருக்கிறது. வன உரிமைச் சட்டத்தின் 2012 திருத்த விதிகளின்படி நிராகரித்தால் காரணத்தை எழுத்தில் தர வேண்டும், மனுதாரருக்கு நேரில் தெரிவிக்க வேண்டும், 60 நாளுக்குள் மேல்முறையீடு செய்யலாம். குறிப்பிட்ட ஓர் ஆவணம்தான் வேண்டும் என்று மனுவைப் பரிசீலிக்கும் எந்தக் குழுவும் கட்டாயப்படுத்தவும் முடியாது. கூட்டத்தில் பாதிப் பேருக்கு இந்தக் கடைசி விதி தெரிந்திருக்கவில்லை. ஆண்டுக்கணக்கில் இதே வேலையில் இருப்பவர்கள் அவர்கள். எனக்கு வயிறு எரிந்தது.

மதியத்துக்கு மேல் பர்கூர் அக்கா பேசினார். அதே விதிகளில் 13ஆம் விதிப்படி பெரியவர்களின் வாக்குமூலமும் ஓர் ஆதாரம். ஆனால் சொல்பவர் மனுதாரராக இருக்கக் கூடாது, எழுத்தில் இருக்க வேண்டும். அக்கா அதை எப்படி எழுதுகிறார் என்று செய்தே காட்டினார். “எத்தனை வருசமா இருக்கீங்க?” என்று கேட்பதே இல்லை. “உங்க மாமியாரை எங்கே புதைச்சாங்க? அந்தக் கல்லு இன்னும் இருக்கா? அன்னைக்கு ராகி விளைஞ்சிருந்ததா? வரப்பை யார் வெட்டுனது?” இப்படிப் போகிறது. வந்திருந்த சோளகர் பழங்குடிப் பாட்டி ஒருவர் விளையாட்டாகப் பதில் சொல்லத் தொடங்கி, அரை மணி நேரத்தில் தங்கள் ஊரின் மூன்று தலைமுறையைச் சொல்லி முடித்துவிட்டார். புதைகல், கிணறு, வரப்பு, குலவரிசை. அத்தனையும் விதியில் உள்ள ஆதாரங்கள்!

சொல்லச் சொல்ல அக்கா பாட்டியின் வார்த்தையிலேயே எழுதி, கடைசியில் திரும்பப் படித்துக் காட்டி, இரண்டு இடத்தில் பாட்டி திருத்தியதையும் சேர்த்த பிறகே கைநாட்டு வாங்கினார். எந்தக் கையேட்டிலும் இதை நான் பார்த்ததில்லை.

ஜனவரி 24, சனி

காலையில், கர்நாடகத்தின் பிலிகிரிரங்கன் மலையிலிருந்து வந்த சோளகர் அண்ணன்கள் பேசினார்கள். 2011இல் அங்கே அவர்களுக்குச் சமூக உரிமை, அதாவது காட்டின் மீது ஊராகச் சேர்ந்து கேட்கும் உரிமை, கிடைத்தது. புலிகள் காப்பகம் ஒன்றுக்குள் அப்படிக் கிடைத்தது அதுதான் முதல்முறை. நம் சத்தியமங்கலமும் 2013 முதல் காப்பகம். “இங்கே கொடுக்க முடியாது” என்று யாராவது சொன்னால் காட்ட வேண்டிய உதாரணம் மலைக்கு அந்தப் பக்கமே இருக்கிறது. பெரியவர்கள் முன்னால் நடக்க, இளைஞர்கள் ஜிபிஎஸ்ஸோடு பின்னால் போய்த் தெய்வ இடங்களையும் ஓடைகளையும் குறித்த விதத்தைச் சொன்னார்கள்.

பிறகு ஒரே சத்தம். குடியரசு தினக் கிராம சபையிலேயே தீர்மானம் போட்டுவிடலாம் என்றார்கள் சிலர். கூடவே கூடாது. அது ஊராட்சிக் கிராம சபை. வன உரிமைக்கு அந்தந்தக் குடியிருப்பின் சபை கூட வேண்டும். பாதிப் பேர் வர வேண்டும், வந்தவர்களில் மூன்றில் ஒரு பங்கு பெண்கள். இதைச் சரியாகச் செய்யாததால் திரும்பி வந்த மனுக்கள் நேற்றைய கட்டிலேயே இருந்தன. எடுத்துக் காட்டிய பிறகுதான் அமைதியானார்கள்.

திம்பம் மலைப்பாதை வழியாகக் கீழே இறங்க வேண்டியவர்கள் இரவுப் போக்குவரத்துத் தடைக்கு முன்பே கிளம்பினார்கள்.

ஜனவரி 27, செவ்வாய்

கணக்கு எழுதினேன். சாப்பாடும் பஸ் செலவும்தான், அதற்கே இழுபறி. வெளிநாட்டு நிதிச் சட்டத்தின் 2020 திருத்தத்துக்குப் பிறகு அந்த நிதி வாங்கும் அமைப்பு அதை இன்னொரு அமைப்புக்குத் தர முடியாது. அந்த நிதியில் நிர்வாகச் செலவுக்கான உச்சவரம்பும் 50 சதவீதத்திலிருந்து 20 சதவீதமாகிவிட்டது. சிறு அமைப்புகளின் பட்ஜெட்டில் முதலில் அடிபடுவது இது போன்ற கூட்டங்கள்தான். கைக்காசு போட்டாவது நடத்த வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

எங்கள் புதுப் பிள்ளைகள் இருவரும் பர்கூர் போய் அக்காவோடு தங்கி வாக்குமூலம் எழுதப் பழகுகிறார்கள். ஏப்ரலில் அடுத்த கூட்டம், கடம்பூரில். கொல்லிமலை, ஜவ்வாதுமலைப் பக்கம் இதே வேலையில் இருக்கும் நண்பர்களும் வாருங்கள். நிராகரிப்புக் கடிதங்களின் நகலில் பெயரை மறைத்துவிடுங்கள். தேதியை மட்டும் மறைக்காதீர்கள், 60 நாள் கணக்குப் பார்க்க அது வேண்டும்.