யாரு போட்ட ஜாயின்ட் இது?

மோட்டார் ஒயர்களைச் சேர்த்த ஈயத்தில் ஒரு முள் நின்றிருக்கிறது. கடுகில் பாதி இருந்தால் அதிகம். ஈயம் முழுக்க உருகி ஓடுவதற்கு முன்னால் சால்டரிங் அயர்னை எடுத்தால் வால் மாதிரி ஒரு கூர் நின்றுவிடும். ஆறியதும் கட்டைவிரலால் ஒரு தடவை வருடினால் தெரிந்துவிடும்; சின்ன அரத்தால் ரெண்டு இழுப்பு இழுத்தால் போய்விடும். அதைச் செய்யாமலே மேலே டேப் சுற்றப்பட்டுவிட்டது. பதினோராவது நாள் மோட்டார் திரும்பி வந்தது.

“சுற்றப்பட்டுவிட்டது” என்று எழுதுகிறேன் பாருங்கள். யார் சுற்றியது என்று எழுத இன்னும் வரவில்லை.

மோட்டார் 7.5 எச்.பி., ஆறு அங்குல போரில் இறங்கும் சப்மர்சிபிள், உள்ளே தண்ணீர் நிரப்புகிற ரகம். 24 ஸ்லாட் (ஒயர் போகிற பள்ளம்), 12 காயில், பேஸுக்கு நாலு. தரைக்கு மேல் வைக்கிற மோனோபிளாக் மாதிரி பார்மா என்கிற அச்சில் காயில் சுற்றி ஸ்லாட்டில் போட்டு வார்னிஷ் ஊற்றுகிற வேலை இதில் கிடையாது. ஸ்லாட் வாய் மூடியிருக்கும். பிளாஸ்டிக் உறை சுற்றிய ஒயரை இந்த முனையில் விட்டு அந்த முனையில் வாங்கி, மறுபடி அடுத்த ஸ்லாட்டில் விட்டு இழுக்க வேண்டும். ஒவ்வொரு சுற்றும் ஒவ்வொரு இழுப்பு. ஸ்டாம்பிங் (ஸ்லாட்டின் இரும்புத் தகடு) விளிம்பில் ஒயர் உரசினால் உறை கீறும், கீறின இடத்தில் தண்ணீர் தொடும், அதோடு கதை முடிந்தது. எங்கள் வைண்டிங் கடையில் மோட்டார் கட்டுகிற அண்ணன் நாற்பது வருஷம் அதைக் கீறாமல் இழுத்தவர். அந்த மோட்டாரிலும் ஒரு சுற்றுகூடக் கீறவில்லை. பிரித்தபோது ஒவ்வொன்றாகப் பார்த்தேன். போனது ஜாயின்ட்.

2024 ஆனி மாதம். வழக்கமான ஜூன் 12-க்கு மேட்டூர் திறக்காது என்று தெரிந்ததும் (அந்த வருஷம் ஜூலை 28-ல்தான் திறந்தது) தஞ்சை மாவட்டப் பாபநாசம் பக்கம் போர் வைத்திருந்தவர்கள் அதை நம்பியே குறுவையில் இறங்கிவிட்டார்கள். ஒரே டிரான்ஸ்பார்மரில் இருக்கும் அத்தனை மோட்டாரும் ஒன்றாக ஓடினால் கடைசி போஸ்ட்டில் இருப்பவருக்கு வோல்ட்டேஜ் விழும். வோல்ட்டேஜ் விழுந்தால் அதே தண்ணீரைத் தூக்க மோட்டார் கூடுதலாக ஆம்பியர் இழுக்கும். இழுத்தால் சூடு. ஐப்பசி, கார்த்திகையில் ஈ ஓட்டுகிற கடைக்கு ஆனியில் ஒரே நாளில் மூன்று மோட்டார் வந்து இறங்குவது இதனால்தான்.

இந்த மோட்டார்க்காரருக்குப் பதினஞ்சு மா (அஞ்சு ஏக்கர்) குறுவை. நாற்று 24 நாள் ஆகிவிட்டது. இதற்கு மேல் நாற்றங்காலில் கிடந்தால் தூர் கட்டாது. கடை வாசலில் நின்றபடியே இருந்தார், உட்காரச் சொன்னாலும் உட்காரவில்லை. அங்கே வயலில் மோட்டாரை இறக்க முக்காலியும் செயின் பிளாக்கும் போட்டு ஆட்கள் காத்திருக்கிறார்கள். நான்தான் சொன்னேன், “அண்ணே, சாயங்காலத்துக்குள்ள இறக்கிரலாம்ல?”

கட்டி முடித்த ஸ்டேட்டரை (காயில் இருக்கிற, சுழலாத பகுதி) டிரம்மில் தண்ணீர் ஊற்றி ராத்திரி முழுக்க ஊறப் போட்டு, காலையில் 500 வோல்ட் மெக்கர் (கசிவு பார்க்கிற மீட்டர்) வைத்துப் பார்ப்பது கடை வழக்கம். குறைந்தது பன்னிரண்டு மணி நேரம். அன்றைக்கு மதியம் ரெண்டு மணிக்கு ஊறியது, அஞ்சு மணிக்கு எடுத்தோம். மெக்கர் 100 மெகா ஓம் காட்டியது. நல்ல ரீடிங். மெக்கர் பொய் சொல்லாது. ஆனால் கேட்ட கேள்விக்கு மட்டும்தான் பதில் சொல்லும். இந்த நிமிஷம் கசிவு இருக்கிறதா என்று கேட்டோம், இல்லை என்றது.

மோட்டார் திரும்பி வந்தால் வெந்த விதத்தைப் பார்த்தே காரணம் சொல்லிவிடலாம், இந்தத் தொழிலில் இருக்கிறவர்களுக்குத் தெரியும். மூன்று பேஸும் ஒரே மாதிரி உருகி ஒட்டியிருந்தால் ஓவர்லோடு, இல்லை லோ வோல்ட்டேஜ், இல்லை போரில் தண்ணீர் இறங்கி மோட்டார் வறண்டு ஓடியிருக்கிறது. வறண்டு ஓடியிருந்தால் புஷ்ஷும் த்ரஸ்ட் பேரிங்கும் சேர்ந்தே போயிருக்கும். ஸ்டார் கனெக்‌ஷனில் ரெண்டு பேஸ் காயில் வெந்து மூன்றாவது புதுசாக இருந்தால் ஒரு பேஸ் வராமல் ஓடியிருக்கிறது, அப்போது மோட்டாரை நிறுத்த வேண்டிய பிரிவென்ட்டர் வேலை செய்யவில்லை. டெல்டாவாக இருந்தால் தலைகீழ்: ஒன்று வெந்து ரெண்டு நன்றாக இருக்கும். இதெல்லாம் கரண்ட் செய்த வேலை. காயில் எல்லாம் பளபளவென்று இருக்க, ஒரே ஒரு இடத்தில் மட்டும் கரி என்றால் அது கை செய்த வேலை.

இதில் ஒரே ஒரு இடம். வெளியே போகிற மூன்று ஒயரில் நீல லீடு சேருகிற ஜாயின்ட். சுண்டைக்காய் அளவில் ஒரு கரி உருண்டை.

அண்ணன் அதைக் கையில் எடுத்தார். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார், மறுபடி இறக்கினார், வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோனார்.

“யாரு போட்ட ஜாயின்ட் இது?”

“கரண்ட்டுதாண்ணே. அந்த லைன்ல வோல்ட்டேஜே நிக்கறதில்ல.”

அவர் என்னைப் பார்க்கவில்லை. “ஒரே இடத்துல வெந்திருக்கு. கரண்ட்டாம்” என்றார். உருண்டையை மேசையில் வைத்தார். ஆடிப் பதினெட்டு வரை வந்தார், அதற்குப் பிறகு வரவில்லை.

அவ்வளவுதான் நடந்தது. மோட்டார்க்காரருக்குக் கூலி வாங்காமல் மறுபடி போட்டுக் கொடுத்தோம். ரெண்டாவது தடவை தூக்கி இறக்கின செலவு அவருடையது. அதில் எனக்கு இருக்கிற உறுத்தல் வேறு, அதை இங்கே கொண்டுவரவில்லை.

அண்ணன் விலக வேண்டிய காலம் வந்துவிட்டது என்று நான் அதற்கு முன்பே நினைக்க ஆரம்பித்திருந்தேன். வயது 57. முன்பெல்லாம் பேசிக்கொண்டே சுற்று எண்ணுவார்; கடைசி ரெண்டு வருஷம் உதடு அசைய எண்ணினார், பக்கத்தில் யாராவது பேசினால் முறைத்தார். எண்ணிக்கை தப்பினால் சும்மா விடாது. ஒரு காயிலில் நாலு சுற்று குறைந்தாலே கரண்ட் அளக்கிற டாங் டெஸ்டரில் மூன்று பேஸும் மூன்று விதமாக ஆம்பியர் காட்டும். கேஜ் (ஒயரின் கனம்) பார்க்க நகத்தால் ஒயரை நெருடிச் சொல்லிவிடுகிறவர் மைக்ரோமீட்டரைத் தேடத் தொடங்கினார். ஜாயின்ட் வேலையைத் தள்ளித் தள்ளிப் போட்டுக் கடைசியில் வைத்துக்கொண்டார். கடைசியில் வைத்தால் சாயங்காலம் ஆகிவிடும், வெளிச்சம் போய்விடும். கண் போதாதவர் அந்த வேலையைக் காலையில் அல்லவா முதலில் முடிக்க வேண்டும்? பயந்த வேலையைத்தான் மனுஷன் தள்ளிப்போடுவான் என்று நான் கணக்குப் போட்டு வைத்திருந்தேன்.

இப்போது அதே அடையாளங்களை வேறு மாதிரியும் படிக்க முடிகிறது. உதடு அசைய எண்ணுவதும் மைக்ரோமீட்டர் வைப்பதும் தன் கை மாறிவிட்டது என்று தெரிந்த ஒருவர் கூடுதல் கவனமாக இருப்பதற்கும் அடையாளம்தானே? மைக்ரோமீட்டரே வைக்காமல் நகத்தை நம்புகிற என்னைவிட அவர் பத்திரமான ஆள் என்றுகூடச் சொல்லலாம். கண்ணுக்குக் கண்ணாடி இருக்கிறது, லென்ஸ் வைத்த விளக்கு இருக்கிறது. ஆயிரம் ரெண்டாயிரத்தில் தீருகிற விஷயத்துக்காகவா நாற்பது வருஷத்து வேலையை விடுவது? அந்த விளக்கை நான் வாங்கிப் போட்டிருக்கலாம். அவர் போன பிறகு வாங்கினேன்.

ஜாயின்ட் போடுவதில் கண்ணுக்கு வேலை பாதிதான். ரெண்டு பக்கமும் உறையை ஒரு அங்குலம் சீவி, செம்பு பளிச்சென்று தெரிய எமரி பேப்பர் போட வேண்டும். முறுக்கி, ஈயம் ஒயருக்கு நடுவில் இறங்கும் வரை அயர்னை வைத்திருக்க வேண்டும். பேன் காற்று படக் கூடாது. ஆறியதும் விரலால் வருடல். உறை மேல் கை வியர்வையோ எண்ணெயோ இருந்தால் டேப் ஒட்டாது, ஆகவே தின்னர் தொட்டுத் துடைக்க வேண்டும். ரப்பர் டேப்பை இழுத்துப் பிடித்து, பாதிக்குப் பாதி ஏறுகிற மாதிரி மூன்று அடுக்கு, உறை மேலும் ரெண்டு பக்கமும் ஒரு அங்குலம் ஏற வேண்டும். மேலே பி.வி.சி. டேப். கடைசியில் நைலான் நூலால் கட்டி இரும்பு விளிம்பைத் தொடாமல் ஒதுக்க வேண்டும், ஏனென்றால் மோட்டார் ஸ்டார்ட் ஆகிற நொடியில் ஆறு மடங்கு கரண்ட் இழுக்கும், ஒயர் எல்லாம் ஒரு உதறு உதறும். நாளைக்கு நாலு தடவை உதறினால் பதினோரு நாளில் நாற்பத்துநாலு தடவை. ஓடும்போது சூடேறுகிறது, நின்றால் குளிர்கிறது. சூட்டில் டேப் இளகும், குளிரும்போது தண்ணீரை உள்ளே இழுக்கும். முள் அன்றைக்கே குத்தவில்லை. ஒவ்வொரு ஸ்டார்ட்டுக்கும் நூலிழை நூலிழையாக உள்ளே போயிருக்கிறது.

ராத்திரி முழுக்க ஊறியிருந்தால் பிடிபட்டிருக்குமா? பிடிபட்டிருக்காது என்றுதான் நினைக்கிறேன், சூடும் உதறலும் இல்லாமல் முள் வேலை செய்யாது. இப்படிச் சொல்லும்போது என் அவசரத்துக்கு நானே வக்கீல் ஆகிறேன் என்பதும் தெரிகிறது. ஜாயின்ட் வேலைக்குச் சாயங்காலம் வரை அவகாசம் கொடுத்திருந்தால் அயர்ன் இன்னும் நாலு நொடி கூடுதலாக நின்றிருக்கும். மோட்டார்க்காரர் பியூஸ் கம்பிக்குப் பதில் கேபிள் பிரியைப் பல மடங்காக முறுக்கிப் போட்டிருந்தார், அதையும் போய்ப் பார்த்தேன். சரியான பியூஸ் இருந்திருந்தால் கசிவு முற்றின உடனே எரிந்து மோட்டாரை நிறுத்தியிருக்கும், ஜாயின்ட் கரியாகும் வரை போயிருக்காது. அதுவும் உண்மைதான். ஆனால் முள்ளை பியூஸ் வைக்கவில்லை.

இன்னொன்று சொல்லியாக வேண்டும். அன்றைக்கு அண்ணன் ஒன்றரை மணிக்குச் சாப்பிடப் போனார். அஞ்சு நிமிஷச் சாப்பாடு. அந்த நேரத்தில் மீதியிருந்த ஜாயின்ட்டில் ஒன்றை நான் போட்டேன். மஞ்சளா நீலமா, நினைவில்லை. மஞ்சள் என்று மனசு சொல்கிறது. அது மஞ்சளாக இருந்தால் எனக்கு வசதி என்பதால் சொல்கிறதா என்று தெரியவில்லை.

“யாரு போட்ட ஜாயின்ட் இது?” அப்போது அந்தக் கேள்வியை, தன் கையைத் தானே நொந்து கேட்டதாக எடுத்துக்கொண்டேன். பெரியவர் மனசு புண்படக் கூடாது என்று கரண்ட் மேல் பழி போட்டேன். மரியாதைக்குச் சொன்ன பொய் என்று ஒரு வருஷம் நம்பினேன். பிறகு ஒரு நாள் டேப் சுற்றிக்கொண்டிருந்தபோது தோன்றியது, அவர் நிஜமாகவே கேட்டிருக்கலாம். தான் சாப்பிடப் போனது அவருக்குத் தெரியும். மூன்றில் ஒன்று தன் கை இல்லை என்பதும் தெரியும். “தெரியலண்ணே, அதுல ஒண்ணு நான் போட்டது” என்று நான் சொல்லியிருந்தால், நாற்பது வருஷத்துக் கையைப் பற்றி ஒரு முடிவுக்கு வருவதற்கு அந்த உருண்டை போதுமான சாட்சி இல்லை என்று இருவருக்குமே ஆகியிருக்கும். நான் கரண்ட் என்றதும் என்ன ஆயிற்று? தம்பி நம்மைக் காப்பாற்றுகிறான், அப்படியென்றால் நம் கைதான் என்று அவர் முடிவு கட்டியிருப்பார்.

இல்லை, இதையெல்லாம் நான் பெரிதாக்குகிறேனோ என்னவோ. அவர் போவதற்கு அந்த ஜாயின்ட் மட்டும் காரணமாக இருக்க வேண்டியதில்லை. வீட்டுக்குப் போடுகிற 1 எச்.பி. மோட்டாரை இப்போது பலரும் கட்டக் கொண்டுவருவதில்லை. செம்பு விற்கிற விலையில், கூலியும் சேர்த்தால், கொஞ்சம் கூடப் போட்டுப் புதுசே வாங்கிவிடுகிறார்கள். மானியத்தில் சோலார் பம்பு போட்டவர்களுக்கு அஞ்சு வருஷம் கம்பெனியே பராமரிப்பு, மோட்டார் நம் வாசலுக்கு வராது. இதையெல்லாம் என்னைவிட முன்னாலேயே கவனித்தவர் அவர். மின்கம்பியாள் உதவியாளர் தகுதிகாண் தேர்வு எழுதச் சொல்லி ரெண்டு பையன்களை விரட்டிக்கொண்டே இருப்பார். “21 முடிஞ்சா போதும்டா, அஞ்சு வருஷ அனுபவம் நம்ம கிட்டயே இருக்கு. வைண்டிங்க மட்டும் நம்பி உக்காராதீங்க.” தொழில் எப்போது வற்றும் என்று பார்க்கத் தெரிந்தவர், ஆனி மாதக் கூட்டத்துக்கு நடுவில் கிளம்பாமல், மேட்டூர் தண்ணீர் வந்து மோட்டார் நின்ற பிறகு ஆடிப் பெருக்கோடு கிளம்பினார். கடையை நட்டாற்றில் விடவில்லை. அது கணக்குப் போட்டு எடுத்த முடிவு போலத்தான் இருக்கிறது. கோபத்தில் போகிறவர் பதினெட்டாம் பெருக்கு வரைக்கும் இருப்பாரா?

இப்போது கும்பகோணத்தில் ஒரு எலக்ட்ரிக்கல் கடை கவுண்டரில் நிற்கிறார். எங்களை மாதிரி வைண்டிங் கடைகளுக்கு ஒயர், டேப், கேபிள் எல்லாம் அங்கேதான். மாதச் சம்பளம், ஐப்பசியிலும் உண்டு. போன பங்குனியில் ஒரு 7.5-க்கு ஒயர் வாங்கப் போனேன். தராசில் வைத்தார். வைப்பதற்கு முன்னால் நுனியைப் பிடித்து நகத்தால் நெருடினார், பழைய மாதிரி. அட்டையைப் பார்க்காமலே கேஜ் சொன்னார். சரியாகத்தான் இருந்தது.

“ஜாயின்ட்டுக்கு ஆளு போட்டிருக்கியா தம்பி?”

“இல்லண்ணே, நாந்தான்.”

பில் போட்டு, ஒயர், ரப்பர் டேப், ஈயம் எல்லாவற்றையும் பையில் வைத்தார். வீட்டுக்கு வந்து பிரித்தபோது உள்ளே ஒரு சின்ன தட்டை அரம் இருந்தது. நான் கேட்கவில்லை. பில்லிலும் இல்லை. எங்கள் கடையில் ஏற்கெனவே அரம் இருக்கிறது என்று அவருக்குத் தெரியும். அது அவர் விட்டுப் போனதுதான்.