286 குதிரையும் சித்தியின் கிரைண்டர் பிளக்கும்

என் கார் தெருமுனையில் திரும்பும்போதே வீட்டில் தோசைக்கல் அடுப்பில் ஏறிவிடும். பதினைந்து வருஷப் பழக்கம். 2001 மாடல் ஹோண்டா சிட்டி, 1.5 லிட்டர் விடெக் எஞ்சின் (வேகமாகச் சுற்றினால்தான் முழுப் பலம் காட்டுகிற ரகம்), 106 குதிரை சக்தி, அது போதாதென்று நானும் மெக்கானிக் பாயும் சேர்ந்து மாட்டிய, சத்தத்தை அடக்காமல் வெளியே விடுகிற ஃப்ரீ ஃப்ளோ சைலன்சர். "ஒங்க வண்டி வந்துட்டா எங்க வீட்டுப் பிள்ளைய படிப்ப நிறுத்திருது" என்று எதிர்வீட்டு வாத்தியார் ஒருமுறை சொன்னார். அதைப் பாராட்டு என்று நினைத்துப் பல நாள் சந்தோஷமாக இருந்திருக்கிறேன்.

எங்கள் கூட்டம் மூன்றே பேர். பாளையங்கோட்டையில் நான், கூடப் படித்த மாப்ளே ஒருத்தன், மேலப்பாளையத்து பாய். மாப்ளே வைத்திருப்பது போலோ ஜிடி டிஎஸ்ஐ, கம்பெனி கொடுத்தது 105 குதிரை, இவன் பலம் கூட்ட எஞ்சின் கம்ப்யூட்டரின் புரோகிராமை மாற்றி, அதாவது ஸ்டேஜ் ஒன் ரீமேப் போட்டு, இப்போது எத்தனை என்று கேட்டால் ஆளுக்குத் தகுந்த மாதிரி ஒரு எண் சொல்வான். போலோவை 2022-இல் இந்தியாவில் நிறுத்திவிட்டார்கள். அன்றிலிருந்து அவன் தன் காரைப் பற்றிப் பேசுவதே இறந்துபோன பெரியப்பாவைப் பற்றிப் பேசுகிற குரலில்தான்.

ஒரு வருஷமாக எங்களுக்குள் ஒரே சண்டை, கரண்ட் காருக்கு மாறலாமா வேண்டாமா. சத்தமில்லாத கார் உப்பில்லாத சொதி, இது என் கட்சி. வேகம் வேகம்தான், அது எங்கிருந்து வந்தால் என்ன, இது மாப்ளே கட்சி. பாய்க்குக் கட்சி கிடையாது. "எதுல நமக்கு வேலை இருக்கோ அது நல்ல வண்டி அண்ணாச்சி" என்பார்.

இப்படிப் பேசிக்கொண்டே இருந்திருப்போம். சென்னையில் வேலை பார்க்கிற என் அக்கா மகன் போன ஆனி மாதம் தன் புதுக் காரை எங்கள் வீட்டு வாசலில் நிறுத்திவிட்டு நெல்லை எக்ஸ்பிரஸ் ஏறினான் பாருங்கள், அங்கே ஆரம்பித்தது வினை. மஹிந்திரா பிஇ 6. முதலில் 6இ என்று பெயர் வைத்து, அது எங்கள் விமானக் குறியீடு என்று இண்டிகோ கம்பெனி வழக்குப் போட்டதும் கடைசி எழுத்தை இறக்கிவிட்ட வண்டி. பெரிய பேட்டரி வைத்தது, 79 யூனிட் பிடிக்கும், 286 குதிரை, நின்ற இடத்திலிருந்து நூறு கிலோமீட்டர் வேகம் தொட 6.7 செகண்ட் என்று கம்பெனி சொல்கிறது. என் சிட்டி புதுசாக இருந்த காலத்தில்கூட அதற்குப் பத்து செகண்டுக்குப் பக்கத்தில் ஆகும்.

"மாமா, வாரத்துக்கு ஒருக்கா எடுத்து ஓட்டுங்க. ரேஸ் மோடு மட்டும் வேண்டாம்" என்று சொல்லிவிட்டுப் போனான். அவன் சொல்லியிருக்காவிட்டால் அப்படி ஒன்று இருப்பதே எங்களுக்குத் தெரிந்திருக்காது.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மூன்று பேரும் கூடினோம். பாய் வந்ததும் வராததுமாக பானட்டைத் திறந்தார், அது முப்பது வருஷக் கைப்பழக்கம். உள்ளே எஞ்சின் இல்லை. பெரிய டிபன் பாக்ஸ் மாதிரி ஒரு காலித் தொட்டி. கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டு நின்றார். அப்புறம் தன் ஸ்பானர் பையைப் பதமாக அதற்குள் வைத்து மூடினார். எதற்கு பாய் என்றால், "சும்மா இருக்கட்டும் அண்ணாச்சி, வெறுமையா பாக்க முடியல" என்றார்.

சாரல் சீசன். தென்காசி, செங்கோட்டை வழியாகப் புளியரை எஸ் வளைவு ஏறி ஆரியங்காவு வரை போய்விட்டுத் திரும்பும்போது பிரானூர் பார்டரில் பரோட்டா, இதுதான் திட்டம். போக வர 160 சொச்சம் கிலோமீட்டர். வண்டியில் 38 சதவீதம் சார்ஜ், திரையில் 195 கிலோமீட்டர் போகும் என்று காட்டியது. தாராளம் என்று மாப்ளே சொன்னான். பெட்ரோல் கார்க்காரன் கணக்கு அது. எங்களுக்கு ரிசர்வ் விழுந்த பிறகுதான் பயணமே ஆரம்பிக்கும்.

பேட்டை தாண்டி ரோடு காலியாக இருந்த ஒரு இடத்தில் நிறுத்தி, மோடை மாற்றி, "ரெடியா" என்று கேட்டேன். அந்த வார்த்தை முடிவதற்குள் கால் அழுத்திவிட்டது. ஐந்தருவியில் தலையை நீட்டிக்கொண்டு நிற்கும்போது பின்னாலிருந்து ஒருத்தன் முதுகில் கை வைத்துத் தள்ளினால் எப்படி இருக்கும், அப்படி. பின் சீட்டில் பாய் "யா அல்லாஹ்" என்றார். மாப்ளே கையிலிருந்த முறுக்குப் பொட்டலம் எங்கே போனது என்று ராத்திரி பாயின் சட்டைக் காலரில்தான் தெரிந்தது.

என் சிட்டியில் இதே வேலைக்கு ஒரு பெரிய சடங்கு உண்டு. கிளட்சை அளந்து விட வேண்டும், எஞ்சின் நிமிஷத்துக்கு எத்தனை சுற்று என்று காட்டுகிற ஆர்பிஎம் ஊசி ஐயாயிரம் தாண்டும் வரை பொறுக்க வேண்டும், அப்போது எஞ்சின் குரல் உடைந்து மாறும், ரோமம் சிலிர்க்கும், செகண்ட் போட வேண்டும், மறுபடி பொறுக்க வேண்டும். மின் மோட்டாருக்கு இந்தக் காத்திருப்பே கிடையாது, சக்கரம் உருளுமுன் முழு டார்க்கும், அதாவது சக்கரத்தைச் சுழற்றுகிற முறுக்கு பலம், கையில் வந்துவிடுகிறது, 380 நியூட்டன் மீட்டர், கியர் மாற்றுவது என்ற பேச்சே இல்லை. சட்டப்படி நடந்துகொண்டோம் என்பதையும் சொல்லிவிடுகிறேன், நூறைத் தாண்டவேயில்லை. தொட்டதுதான் பதினோரு தடவை.

ஏழாவது தடவை வாக்கில் எனக்கு ஒன்று உறைத்தது, எழுத வெட்கமாகத்தான் இருக்கிறது. இத்தனை வருஷம் வேகம் வேகம் என்று நான் பீற்றிக்கொண்டதில் பாதிக்கு மேல் வெறும் சத்தம். என் காரில் எழுபதில் போனாலே விமானம் ஏறுகிற மாதிரி இருக்கும், இதில் நூறு என்பது பக்கத்து வீட்டில் யாரோ ஃபேன் போட்ட மாதிரி இருக்கிறது. உள்ளே கேட்கிற ஓசைகளுக்கு ஏ.ஆர்.ரகுமானையே பிடித்திருக்கிறார்கள், அது நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் கோயில் நாதஸ்வரமும் கல்யாண மண்டப ஸ்பீக்கரும் ஒன்றா? சத்தம் இல்லாததில் இன்னொரு தொல்லை, பாவூர்சத்திரத்துக்கு முன்னால் ரோட்டில் படுத்திருந்த எருமை எங்களை மதிக்கவே இல்லை. சிட்டி என்றால் கால் கிலோமீட்டருக்கு முன்னாலேயே எழுந்திருக்கும்.

புளியரை ஏற்றத்தில் என் கட்சிக்குக் கொஞ்சம் உயிர் வந்தது. பேட்டரி தரையோடு தரையாக இருப்பதால் வண்டி சாயவே மாட்டேன் என்கிறது, அது சரி, ஆனால் வளைவுக்குள் இறக்கும்போது இரண்டு டன் எடை முன்னால் தள்ளுவது தெரிகிறது. சிட்டி அதில் பாதி எடை. அதை வளைத்தால் சைக்கிள் மாதிரி வளையும். இதை நான் சொன்னபோது மாப்ளே, "வளையும், ஆனா மேல ஏறணும்லா?" என்றான். இறங்கும்போது ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் மோட்டாரே ஜெனரேட்டராகி வண்டியைப் பிடிக்கிறது, பேட்டரிக்குச் சார்ஜும் ஏற்றுகிறது. மலை முழுக்க இறங்கி முடித்ததும் திரையில் ஒரு சதவீதம் கூடியிருந்தது. அதற்குக் கை தட்டினோம். பாய் மட்டும் தட்டவில்லை. "அப்ப பிரேக் பேடு தேயாதா?" என்று கவலையாகக் கேட்டார். எடை அதிகம், டயர் தேயும் பாய் என்று சொன்ன பிறகுதான் முகம் தெளிந்தது.

பரோட்டாக் கடையில் பில் காகிதத்தின் பின்பக்கம் மாப்ளே கணக்குப் போட்டான். எங்கள் மாதிரி ஓட்டினால் பெட்ரோலில் கிலோமீட்டருக்குப் பத்து ரூபாய், வீட்டில் சார்ஜ் போட்டால் ஒன்றரை ரூபாய், வருஷத்துக்கு எட்டாயிரம் கிலோமீட்டர், ஆக மிச்சம் 68,000 ரூபாய். இந்தப் பெரிய பேட்டரி மாடலின் அறிமுக விலையே 26.9 லட்சம். வகுத்துப் பார்த்தான். "நாப்பது வருசத்துல காரு ஓசி மாப்ளே" என்றான். எனக்கு இப்போது 47.

கடையை விட்டு வெளியே வந்தால் 15 சதவீதம். பரவாயில்லை, வழியில் ஃபாஸ்ட் சார்ஜர் இருக்கிறது என்று மேப்பில் பார்த்து வைத்திருந்தோம். போய்ப் பார்த்தால் அந்தக் கம்பத்தில் ஒருத்தர் தார்ப்பாய் கட்டி ரம்புட்டான் விற்றுக்கொண்டிருந்தார். கேட்டதும் அவிழ்த்துக் கொடுத்துவிட்டார், நல்ல மனுஷன். அப்புறம் ஆப் இறக்கினோம், பணம் போட்டோம், ஓடிபி வரவில்லை, வந்தபோது நேரம் முடிந்துவிட்டது, மறுபடி கேட்டோம், கடைசியில் மெஷினே திரையை அணைத்துக்கொண்டது. "ரெண்டு நாளா இப்படித்தான் சார்" என்றார் ரம்புட்டான்காரர், ஒரு கிலோவை நிறுத்து எங்கள் கையில் கொடுத்தபடி.

ஆலங்குளத்தை நெருங்கும்போது 4 சதவீதம். ஏசியை அணைத்து, கண்ணாடியை இறக்கி, நாற்பதில் உருட்டினோம். தூரத்தில் காற்றாலைகள் ஜாம் ஜாமென்று சுற்றிக்கொண்டிருந்தன. அத்தனை கரண்டும் எங்கள் தலைக்கு மேலே கம்பியில் எங்கோ போய்க்கொண்டிருக்கிறது, எங்களுக்கு ஆறு யூனிட் கிடைத்தால் முப்பது கிலோமீட்டரில் வீடு. அப்போதுதான் சித்தி ஞாபகம் வந்தாள்.

சித்தி வீடு மெயின் ரோட்டிலிருந்து உள்ளே இரண்டு கிலோமீட்டர். "எய்யா, வாங்க, என்ன சத்தமில்லாம வந்து நிக்கிய?" என்று கேட்டாள். எல்லாரும் அன்றைக்கு அதையேதான் கேட்டார்கள். விஷயத்தைச் சொன்னோம். காரோடு வந்த சார்ஜருக்கு 15 ஆம்பியர் பிளக் வேண்டும், அந்த வீட்டில் அப்படி இருப்பது ஒன்றே ஒன்று, அதில் சித்தியின் பெரிய கிரைண்டர் ஓடிக்கொண்டிருந்தது. சித்தி இட்லி மாவு அரைத்து விற்கிறாள். அரிசி முடிந்துவிட்டது, உளுந்து ஊறிக்கொண்டிருந்தது, மறுநாள் காலையில் அந்தத் தெருவே அதை நம்பித்தான் இருக்கிறது.

மாப்ளே மெதுவாகச் சித்தப்பாவிடம் போய், தோப்பு மோட்டாருக்கு மும்முனைக் கரண்ட் இருக்கே என்று ஆரம்பித்தான். சித்தப்பா தினத்தந்தியிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "அது வெவசாயத்துக்குன்னு கவர்மெண்டு ஓசியா குடுக்கது. ஒன் காரு என்ன தேங்கா காய்க்குமா?"

கடைசியில் சித்திதான் வழி சொன்னாள். பிளக்கை நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள், உளுந்தை நீங்கள் அரைத்துக் கொடுங்கள். புறவாசலில் ஆட்டுரல் இருக்கிறது.

இரண்டு கிலோ உளுந்து. ஊறின உளுந்து லேசில் இடம் கொடுக்காது. குழவியை நின்ற இடத்திலிருந்து நகர்த்த ஒரு பலம் வேண்டும், சுற்ற ஆரம்பித்த பிறகு வேண்டியது வேறு பலம். நானும் என் விடெக்கும் ஒரே ரகம் என்பது அங்கேதான் தெரிந்தது, உறுமல் எல்லாம் உண்டு, குழவி அசையவில்லை. வேகம் பிடித்த பிறகு நன்றாகத்தான் சுற்றினேன், ஆனால் மாவைத் தள்ளிவிடக் கை நுழைக்கும்போதெல்லாம் நிற்கிறது, நின்றால் மறுபடி ஜீரோவிலிருந்து. சித்தி கொஞ்ச நேரம் பார்த்தாள். 68 வயது. சேலையைச் செருகிக்கொண்டு உட்கார்ந்து, ஒரு கையால் குழவியைச் சுற்றி, மறு கையால் மாவைத் தள்ளிக்கொண்டே எங்களோடு பேசவும் செய்தாள். மாப்ளே என் காதில் சொன்னான், "பாத்தியால, ஜீரோ ஆர்பிஎம்ல ஃபுல் டார்க்கு."

ஆனாலும் எழுந்து எங்களிடமே கொடுத்துவிட்டாள், பேச்சு பேச்சுதான். பாய் தண்ணீர் தெளிக்க, நானும் மாப்ளேயும் மாறி மாறிச் சுற்றினோம். இடையில் மருமகன் போன்.

"மாமா, வண்டி ஆலங்குளத்துப் பக்கம் நிக்கின்னு ஆப்ல காட்டுது. மணிக்கு மூணு யூனிட்தான் ஏறுது, எங்க போட்டிருக்கிய?"

"சின்ன ஆச்சி வீட்டுல."

"அது என்ன கடகடன்னு சத்தம்?"

"எஞ்சின்" என்றேன்.

சித்தி ஒரு கொட்டைப்பாக்கு அளவு மாவை எடுத்துத் தண்ணீர்ச் சொம்பில் போட்டாள். மூழ்கியது. "இன்னும் பொங்கல" என்றாள். அரை மணி நேரம் கழித்து மறுபடி போட்டாள், பாதி மிதந்தது, போதும் என்று எங்கள் முகத்தைப் பார்த்து விட்டுக்கொடுத்தாள். இரண்டரை மணி நேரத்தில் வண்டிக்கு 10 சதவீதம் ஏறியிருந்தது. எனக்குத் தோள்பட்டை இறங்கியிருந்தது. பரோட்டா செரித்த வயிற்றுக்கு உளுந்தஞ்சோறும் எள்ளுத் துவையலும் போட்டாள், அதைப் பற்றித் தனியாக ஒரு பதிவே எழுதலாம்.

வரும் வழியில் யாரும் ரேஸ் மோடைத் தொடவில்லை. மாப்ளே, "வீட்டுல ஒரு 15 ஆம்ப் பாயிண்ட் மட்டும் இப்பவே இழுத்துப் போட்டு வைக்கணும், காரு பெறவு பாத்துக்கலாம்" என்றான். பாய் தூங்கிவிட்டார், மடியில் ஸ்பானர் பை.

ராத்திரி பதினொன்றே காலுக்கு வீட்டு வாசலில் வந்து நின்றேன். கேட் பூட்டியிருந்தது. லைட் இல்லை. ஐந்து நிமிஷம் கழித்துப் போன் பண்ணினேன். மனைவி கண்ணைக் கசக்கிக்கொண்டு வந்து, "வண்டிச் சத்தம் கேக்கும்லான்னு படுத்தேன், கேக்கவே இல்ல" என்றாள். தோசைக்கல் காயவில்லை. சித்தி கொடுத்தனுப்பிய தூக்குவாளியை நீட்டினேன்.

மறுநாள் காலையில் முதல் இட்லியைப் பிட்டு வாயில் போட்டுவிட்டுக் கேட்டாள், "இந்த மாவ யாரு அரைச்சது? சித்தி மாவு இப்படி இருக்காதே."