உபுண்டு 24.04-இல் ஃபயர்ஃபாக்ஸ்: ஸ்னாப்பா, டெப்பா?

லினக்ஸ் இயங்குதளமான உபுண்டு 24.04-ஐப் புதிதாக ஏற்றி முடித்ததும் இடது ஓரப் பட்டையில் ஃபயர்ஃபாக்ஸ் தயாராக இருக்கும். பார்வைக்கு விண்டோஸில் பழகிய அதே உலாவிதான். ஆனால் அது வந்திருப்பது ஸ்னாப் என்ற மூடிய பொதியில். 22.04 முதலே இப்படித்தான். டெர்மினலில் ஏபிடி (நிரல்களை நிறுவும் கட்டளை) வழியாக ஃபயர்ஃபாக்ஸை நிறுவச் சொன்னாலும் உபுண்டு கொடுப்பது ஒரு வெற்று டெப் பொதி (டெப் என்பது உபுண்டுவின் வழக்கமான பொதி வகை). அது போய் ஸ்னாப்பையே இறக்கி வைக்கும். "ஃபயர்ஃபாக்ஸ் சரியில்லை" என்று புது உபுண்டுக்காரர்கள் சொல்லும் குறைகளில் பாதி உலாவியின் குறை அல்ல, இந்தப் பொதியின் குணம்.

ஸ்னாப் உலாவிக்கு உங்கள் ஹோம் கோப்புறை தெரியும், ஆனால் அதற்குள் புள்ளியில் தொடங்கும் மறைவுக் கோப்புறைகள் தெரியாது. கணினியின் டெம்ப் என்ற தற்காலிகக் கோப்புறையும் தெரியாது. ஸ்னாப்புக்கென்று தனி டெம்ப் உண்டு. வேறொரு நிரல் அங்கே எழுதி வைத்த எச்டிஎம்எல் கோப்பைத் திறந்தால், கண்ணெதிரே இருக்கும் கோப்பை "இல்லை" என்று சொல்வது இதனால்தான். டிஜிட்டல் கையொப்ப டோக்கன் வைத்திருப்பவர்களுக்கும் இதே தொல்லை வரும். டோக்கனின் இயக்கிக் கோப்பு கணினியின் நூலகக் கோப்புறையில் இருக்கும். ஸ்னாப் பார்ப்பதோ தன் சொந்த நூலகக் கோப்புறையை. "செக்யூரிட்டி டிவைசஸ்" பகுதியில் எத்தனை முறை சேர்த்தாலும் ஏறாது.

இன்னொன்று, உலாவியை மூடச் சொல்லி வரும் "13 நாள் மீதம்" அறிவிப்பு. திறந்திருக்கும் ஸ்னாப்பைப் புதுப்பிக்க முடியாததால் வருவது அது, வைரஸ் இல்லை. உலாவியை முழுவதும் மூடி, சற்றுப் பொறுத்துத் திறந்தால் போய்விடும். கணினியைத் தொடங்கியதும் முதல் முறை திறக்கையில் ஏற்படும் தாமதம், சுருக்கி வைத்த பொதியைப் பிரித்துப் படிப்பதால். பழைய ஹார்ட் டிஸ்கில் உறைக்கும், எஸ்எஸ்டியில் பொருட்படுத்த வேண்டியதில்லை.

மேலே சொன்ன எதுவும் உங்களைத் தொடவில்லை என்றால் ஸ்னாப்பையே வைத்துக்கொள்ளுங்கள். தானாகப் புதுப்பித்துக்கொள்ளும், பாதுகாப்பு வேலியும் கூடுதல். மாற்றுவது நாகரிகத்துக்காக என்றால் வேண்டாம்.

மாற்றியே ஆகவேண்டும் என்பவர்களுக்கு மொசில்லாவே 2024 ஜனவரியில் இருந்து டெப் பொதி தருகிறது. மொசில்லாவின் உதவிப் பக்கத்தில் கட்டளைகள் வரிசையாக இருக்கின்றன: பொதி உண்மையானதா என்று சரிபார்க்கும் சாவியை இறக்குவது, ரெப்போ (பொதிகள் இருக்கும் சேமிப்பகம்) முகவரியைச் சேர்ப்பது, முன்னுரிமைக் கோப்பு எழுதுவது, பிறகு பட்டியலைப் புதுப்பித்து நிறுவுவது. பலர் தாண்டிப் போவது மூன்றாவதை. அதைத் தாண்டினால் நிறுவிய பிறகும் ஸ்னாப்தான் இருக்கும். காரணம் பதிப்பு எண்ணில் இருக்கிறது. உபுண்டுவின் வெற்றுப் பொதியின் எண் "1:1ஸ்னாப்1" என்று தொடங்கும். முன்னால் நிற்கும் அந்த "1:" இருந்தால், பின்னால் எது வந்தாலும் அது இல்லாத எண்ணைவிடப் பெரிது என்பது டெப் கணக்கு. மொசில்லாவின் எண் 130 ஆனாலும் 140 ஆனாலும் அதற்குத் தோற்கும். அதனால்தான் மொசில்லா ரெப்போவுக்கு முன்னுரிமை 1000 என்று எழுதச் சொல்கிறார்கள். 1000-க்குக் குறைந்தால், "சிறிய" எண்ணுக்கு இறங்க ஏபிடி ஒத்துக்கொள்ளாது.

நிறுவிய கையோடு ஸ்னாப்பை நீக்கிவிடாதீர்கள். புக்மார்க், கடவுச்சொல், குக்கி எல்லாம் அதற்குள்தான் இருக்கின்றன. ஃபயர்ஃபாக்ஸை மூடுங்கள். ஹோமில் ஸ்னாப், அதற்குள் ஃபயர்ஃபாக்ஸ், அதற்குள் காமன் என்று போய், கண்ட்ரோல்-எச் அழுத்தினால் மறைவான மொசில்லா கோப்புறை தெரியும். அதனுள் இருக்கும் ஃபயர்ஃபாக்ஸ் கோப்புறையில், பெயர் "டிஃபால்ட்" என்றோ "ரிலீஸ்" என்றோ முடிகிற கோப்புறைதான் உங்கள் புரொஃபைல், அதாவது உங்கள் தரவும் அமைப்புகளும் இருக்கும் இடம். இரண்டு இருந்தால் அளவில் பெரியது. அதை ஹோமில் வேறு இடத்துக்கு நகலெடுங்கள். புது டெப் உலாவியைத் திறந்து, முகவரிப் பட்டையில் "அபவுட்", முக்காற்புள்ளி, "புரொஃபைல்ஸ்" என்று ஆங்கிலத்தில் அடித்து, புது புரொஃபைல் உருவாக்கி, "சூஸ் ஃபோல்டர்" கேட்கும் இடத்தில் அந்த நகலைக் காட்டி, அதையே இயல்பானதாக வைத்துவிடுங்கள். ஃபயர்ஃபாக்ஸ் 67-இலிருந்து ஒவ்வொரு நிறுவலுக்கும் தனி புரொஃபைல் என்பதால், கோப்பை மட்டும் நகலெடுத்துவிட்டு இந்தப் படியை விட்டால் காலி உலாவிதான் திறக்கும். பழைய பதிப்பில் புது பதிப்பின் புரொஃபைலைத் திறக்கவும் விடாது; டெப்பின் எண் ஸ்னாப்புக்குச் சமமாகவோ மேலாகவோ இருக்கிறதா என்று முதலிலேயே பாருங்கள்.

எல்லாம் வந்துவிட்டது என்று தெரிந்தபின் ஸ்னாப்பை நீக்கலாம். நீக்கும்போது அது உங்கள் தரவை ஒரு ஸ்னாப்ஷாட்டாக எடுத்து 31 நாள் வைத்திருக்கும். கை நழுவினாலும் மீட்க வழி உண்டு. பட்டையில் குத்தி வைத்த பழைய சின்னம் வேலை செய்யாது; எடுத்துவிட்டுப் புதியதைக் குத்துங்கள்.

டெப்புக்கு மாறியதும் சில தளங்களில் வீடியோ ஓடாமல் போகலாம். ஸ்னாப்பில் வீடியோவைப் பிரித்துப் படிக்கும் எஃப்எஃப்எம்பெக் கூடவே வரும். டெப் கணினியில் உள்ளதைத் தேடும். உபுண்டு ஏற்றும்போது கூடுதல் ஊடக வடிவங்களுக்கான கட்டத்தில் குறியிடாமல் விட்டிருந்தால் அது இருக்காது. உபுண்டுவின் ரெஸ்ட்ரிக்டட் எக்ஸ்ட்ராஸ் தொகுப்பை நிறுவி, உலாவியை மூடித் திறந்தால் சரியாகும். கட்டணப் படத் தளங்களுக்கு, அமைப்புகளில் டிஆர்எம் (நகலெடுப்பைத் தடுக்கும் பூட்டு) குறியையும் இட வேண்டும்.

டெப்பும் வேண்டாம், டார் என்ற சுருக்கிய கோப்பை இறக்கி ஹோமிலேயே பிரித்து ஓட்டுகிறேன் என்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. 24.04-இல் ஆப்ஆர்மர் (நிரல்களைக் கட்டுப்படுத்தும் உபுண்டுவின் பாதுகாப்பு அமைப்பு) கட்டுப்பாடு இறுகியிருக்கிறது. அப்படி ஓட்டினால் உலாவியின் சொந்தப் பாதுகாப்பு வேலி முழுதாக எழும்பாது, மேலே எச்சரிக்கையும் வரும். ஆப்ட் (/opt) கோப்புறையில் ஃபயர்ஃபாக்ஸ் (firefox) என்ற பெயரில் வைத்தால் அந்தச் சிக்கல் இல்லை.

தமிழ் விஷயம். எழுத்துரு பிடிக்கவில்லை என்றால் அமைப்புகளில் ஃபான்ட்ஸ், அட்வான்ஸ்டு என்று போய், மேலே மொழியைத் தமிழ் என்று மாற்றிவிட்டு நோட்டோ சான்ஸ் தமிழைத் தேர்ந்தெடுங்கள். மொழியை மாற்றாமல் செய்தால் ஆங்கிலத்துக்குத்தான் மாறும். தட்டச்சில் தமிழ்99 என்ற பெயரில் இரண்டு கிடைக்கும். வெறும் விசைப்பலகை வகையில் உள்ளது ஒரு விசைக்கு ஒரு குறி என்று மட்டும் அனுப்பும். மெய்க்குப் புள்ளி தானாக வராது. ஐபஸ் எம்17என் பொதியை (பல மொழித் தட்டச்சு முறைகள் கொண்டது) நிறுவி, வெளியேறி உள்நுழைந்தபின் பட்டியலில் எம்17என் என்ற குறிப்போடு வரும் தமிழ்99-ஐச் சேர்த்துக்கொள்ளுங்கள். மாற்றுவதற்கு விண்டோஸ் விசையும் ஸ்பேஸ் பாரும்.