கான்கார்டில் ஒரு வெள்ளிக்கிழமை

அக்கா வீட்டில் அது இரண்டாவது வாரம். சான் பிரான்சிஸ்கோவில் பாலம், கடல்சிங்கம், கேபிள் கார் எல்லாம் பார்த்து முடித்திருந்தேன். வெள்ளிக்கிழமை காலை காபி குடித்துக்கொண்டே அத்தான் கேட்டார்: "மாப்ள, சாயங்காலம் கான்கார்டுல ஒரு ஃபுட்பால் மேட்ச் இருக்கு, வாரியா? பள்ளிக்கூடப் பயலுவ மேட்ச்தான். ஆனா சாதாரணப் பள்ளிக்கூடம் இல்ல."

என்ன விசேஷம் என்றேன்.

"151 மேட்ச். வரிசையா ஜெயிச்சாங்க. நடுவுல ஒண்ணுகூடத் தோக்கல."

அவர் ஏதோ குழப்பிக்கொள்கிறார் என்றுதான் முதலில் நினைத்தேன். இல்லை, உண்மைதான். 1992 முதல் 2003 வரை 12 பருவங்கள். ஒரு தோல்விகூட இல்லை, ஒரு ஆட்டம் சமனில்கூட முடியவில்லை. அந்தத் தொடர் தொடங்கிய வருடம் ஒன்றாம் வகுப்பில் சேர்ந்த பையன், அது முடிந்த வருடம் பன்னிரண்டாம் வகுப்பை முடித்து வெளியே வந்திருப்பான்.

அத்தானுக்கு இந்தப் பள்ளியின் மேல் ஒட்டுதல் வர இன்னொரு காரணமும் உண்டு. அவர் தூத்துக்குடி லசால் பள்ளியில் படித்தவர். கான்கார்டில் இருப்பதும் டி லா சால் பள்ளி, அதே சபை. 1680-இல் பிரான்சின் ரெய்ம்ஸ் நகரத்தில், ஏழை வீட்டுப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லித்தர ஜான் பாப்டிஸ்ட் டி லா சால் ஆரம்பித்தது. அதில் இருப்பவர்கள் குருக்கள் கிடையாது, வாத்தியார் வேலையையே துறவாக எடுத்துக்கொண்ட அருட்சகோதரர்கள். வகுப்பு தொடங்கும்போது "இறைவனின் திருமுன் இருக்கிறோம் என்பதை நினைவில் கொள்வோம்" என்று சொல்வது அவர்கள் பள்ளிகளில் உலகம் முழுக்க உள்ள வழக்கம். அத்தான் அதை எங்கள் ஊர் உச்சரிப்பில் இன்னமும் மனப்பாடமாகச் சொல்வார்.

சாயங்காலம் அவருடைய ஆபீஸ் பக்கத்திலேயே பார்ட் ரயிலில் ஏறினோம். வளைகுடாவுக்கு அடியில் குழாய்க்குள் போய் ஓக்லாந்தில் மேலே வருகிறது. அப்புறம் பெர்க்லி மலைகளைக் குடைந்த சுரங்கம். சுரங்கத்துக்கு இந்தப் பக்கம் ஸ்வெட்டர் போடுகிற குளிர், அந்தப் பக்கம் வெயில். ஒரிண்டா, லஃபாயெட், வால்நட் கிரீக் என்று ஒவ்வொரு நிறுத்தமாகத் தாண்டத் தாண்ட, அக்டோபர் மாதத்துக் காய்ந்த புல் மூடிய குன்றுகள் சிங்கத்தின் பிடரி நிறத்தில் தெரிந்தன. தூரத்தில் டயாப்லோ மலை, 3,849 அடி. டயாப்லோ என்றால் ஸ்பானிய மொழியில் சாத்தான். அந்த மலையின் நிழலில் இருக்கும் கான்கார்டுக்கு முதலில் வைத்த பெயர் டோடோஸ் சாந்தோஸ், அதாவது சகல புனிதர்கள். ஊர்ச் சதுக்கத்துக்கு மட்டும் அந்தப் பெயர் மிஞ்சியிருக்கிறது.

பள்ளி இருப்பது விண்டன் டிரைவ் என்ற தெருவில். எதிரே கரொண்டலெட் என்ற பெண்கள் பள்ளி. அதுவும் கத்தோலிக்கப் பள்ளிதான், இரண்டும் 1965-இல் தொடங்கியவை. டி லா சாலில் படிப்பவர்கள் சுமார் ஆயிரம் பையன்கள். நம் ஊர்க் கணக்கில் அது சின்னப் பள்ளியாகத் தோன்றாது. ஆனால் அவர்கள் மோதிய லாங் பீச் பாலி போன்ற அரசுப் பள்ளிகளில் நாலாயிரம் பேருக்கு மேல் படித்தார்கள். அந்தக் கணக்கில் இது சின்னதுதான்.

இங்கே ஃபுட்பால் என்றால் அமெரிக்க ஃபுட்பால் என்பதைச் சொல்லிவிடுகிறேன். பந்து முட்டை வடிவம், காலால் உதைப்பது அபூர்வம். ஒரு பக்கத்துக்கு 11 பேர், மைதானம் 100 கெஜம். பந்தை வைத்திருக்கும் அணிக்கு நான்கு வாய்ப்பு. அதற்குள் 10 கெஜம் முன்னேறினால் இன்னும் நான்கு வாய்ப்பு கிடைக்கும். எல்லைக்கோட்டைத் தாண்டிவிட்டால் டச் டவுன், 6 புள்ளி. பார்ப்பதற்கு மல்யுத்தமும் சதுரங்கமும் சேர்ந்த மாதிரி இருக்கும்.

மைதானத்துக்கு ஓவன் ஓவன்ஸ் ஃபீல்ட் என்று பெயர். ஒருவழியாக இடம் பிடித்து உட்கார்ந்தோம். அலுமினிய பெஞ்ச், பகல் வெயிலின் சூடு அதில் இன்னும் இருந்தது. பக்கத்தில் பச்சை நிற ஜாக்கெட் போட்ட ஒரு பெரியவர். அத்தான் அவருக்கு வணக்கம் சொன்னார், நான் புதுசு என்றும் சொல்லிவைத்தார். அவ்வளவுதான், இரண்டரை மணி நேரம் எனக்கு ஒரு வாத்தியார் கிடைத்துவிட்டார்.

விளக்குகள் எரிந்தன. நான் எதிர்பார்த்தது வேறு: புகை, பட்டாசு, கத்திக்கொண்டு ஓடி வரும் பையன்கள். நடந்தது வேறு. பச்சைச் சட்டை போட்ட பையன்கள் இரண்டு இரண்டு பேராகக் கைகோத்து நடந்து வந்தார்கள். ஓட்டம் இல்லை, கூச்சல் இல்லை. எங்களுக்கு மிக அருகில் வந்த ஜோடியில் ஒருவன் ஆறடிக்கு மேல், மற்றவன் அவன் தோளுக்குக்கூட வரவில்லை. பெரியவனின் விரல்களில் வெள்ளை டேப் சுற்றியிருந்தது. அந்த டேப் விரல்கள் சின்னவனின் விரல்களுக்குள் இறுக்கமாகப் பின்னியிருந்ததை விளக்கு வெளிச்சத்தில் பார்த்தேன். பதினாறு, பதினேழு வயசுப் பையன்கள் இத்தனை பேர் முன்னால் கூச்சமில்லாமல் கைகோத்து நடப்பது எனக்குத் தொண்டையை அடைத்தது. பல வருடங்களாக அவர்கள் இப்படித்தான் வருகிறார்கள் என்றார் பெரியவர்.

அப்புறம் கதையைச் சொன்னார்.

1979 வரை இந்தப் பள்ளியின் ஃபுட்பால் அணி சொல்லிக்கொள்ளும்படி இல்லை. ஒரு பருவத்தில்கூட வெற்றிகளின் எண்ணிக்கை தோல்விகளைத் தாண்டியதில்லை. அந்த வருடம் இருபதுகளில் இருந்த பாப் லாடூசர் பயிற்சியாளராக வந்தார். அவருடைய வகுப்பறைப் பாடம் மறைக்கல்வி. பின்னாளில் அவரோடு சேர்ந்து தடுப்பாட்டத்தைக் கவனித்த டெர்ரி ஐட்சனும் மறைக்கல்வி ஆசிரியர்தான். உலகத்திலேயே நீளமான வெற்றித் தொடர்களில் ஒன்றைக் கட்டியவர்கள் இரண்டு ஞானோபதேச வாத்தியார்கள் என்று நினைத்தால் எனக்குச் சந்தோஷமாக இருக்கிறது.

லாடூசர் கொண்டுவந்தவற்றில் எனக்கு மிகவும் பிடித்தது ஒரு சின்ன அட்டை. ஒவ்வொரு வாரமும் ஒவ்வொரு பையனும் அந்த வாரப் பயிற்சியிலும் ஆட்டத்திலும் தான் செய்யப் போவதை அட்டையில் எழுத வேண்டும். பொத்தாம்பொதுவாக "நன்றாக ஆடுவேன்" என்று எழுதக்கூடாது. எத்தனை முறை, எத்தனை கிலோ, எத்தனை நொடி என்று அளந்து பார்க்கக்கூடியதாக இருக்க வேண்டும். ஆட்டத்துக்கு முந்தின நாள் எல்லார் முன்னாலும் எழுந்து நின்று வாசிக்க வேண்டும். வாசித்த அட்டையைத் தன்னோடு வைத்துக்கொள்ள முடியாது, அணியில் இன்னொருவன் கையில் கொடுத்துவிட வேண்டும். செய்தானா இல்லையா என்று கேட்கிற உரிமை அன்றிலிருந்து அவனுக்கு. கோச்சுக்குக் கொடுக்கும் வாக்கை மீறுவது சுலபம். பக்கத்து பெஞ்சில் உட்கார்ந்து சாப்பிடுகிற நண்பனுக்குக் கொடுத்த வாக்கை எப்படி மீறுவது?

ஆட்டம் தொடங்கியது. பச்சை அணியின் முன்வரிசைப் பையன்கள் எதிரணியைவிடச் சின்னவர்கள், எனக்கே தெரிந்தது. ஆனால் பந்து நகர்ந்த நொடியில் ஐந்து பேரும் ஒரே ஆள் மாதிரி, தரையோடு தரையாகப் பாய்ந்தார்கள். பெரியவர் தன் பாப்கார்ன் பையிலிருந்து சில பொரிகளை எடுத்து எங்களுக்கு நடுவே பெஞ்சில் வரிசையாக வைத்தார். இவன் குவாட்டர்பேக், பந்தை வாங்கி ஆட்டத்தை நடத்துகிறவன்; இவர்கள் இருவரும் பின்னால் ஓடுகிறவர்கள். எதிரணியில் ஓரமாக நிற்கும் இந்த ஒருவனை மட்டும் வேண்டுமென்றே யாரும் தடுக்காமல் விட்டுவிடுவார்கள். குவாட்டர்பேக் பந்தை முதல் ஆளின் வயிற்றில் அழுத்திக்கொண்டே இவனைப் பார்ப்பான். இவன் உள்ளே பாய்ந்தால் பந்தை இழுத்துக்கொண்டு வெளிப்பக்கம் ஓடுவான். இவன் வெளியிலேயே நின்றால் பந்தை முதல் ஆளிடம் விட்டுவிடுவான். வெளியே ஓடும்போது வேறொருவன் மறித்தால் பக்கவாட்டில் வரும் இரண்டாவது ஆளுக்கு எறிவான். எல்லாமே கண்ணிமைக்கும் நேரம்தான். இதற்கு வீர் என்று பெயர். பழைய உத்தி, பெரிய அணிகள் பலவும் கைவிட்டுவிட்டன, இவர்கள் பிடித்துக்கொண்டார்கள். ஏனென்றால் இதில் ஆள் பெரியவனாக இருக்க வேண்டியதில்லை, எல்லாரும் ஒரே நேரத்தில் சரியாக நகர வேண்டும். அதற்கு ஜனவரியிலேயே பயிற்சி தொடங்கிவிடுகிறது, ஆட்டப் பருவமோ ஆகஸ்ட் கடைசியில்தான்.

151-இன் கதை ஒரு தோல்வியில் தொடங்குகிறது. 1991 டிசம்பரில் பக்கத்து ஊர் பிட்ஸ்பர்க் பள்ளியிடம் இறுதிப்போட்டியில் 35-27 என்று தோற்றார்கள். அதற்கு அடுத்த பருவம் முதல் தோற்கவே இல்லை. மிச்சிகனில் ஹட்சன் என்ற சிற்றூர்ப் பள்ளி வைத்திருந்த 72 வெற்றிகள் சாதனையை 1997-இல் தாண்டினார்கள். 2001 அக்டோபர் 6 அன்று லாங் பீச் பாலியோடு மோதினார்கள். தேசியப் பட்டியலில் முதல் இடமும் இரண்டாம் இடமும் நேருக்கு நேர். 29-15 என்று ஜெயித்தார்கள். அன்று நாலு டச் டவுனும் அடித்தவர் ஐந்தடி ஏழங்குல மாரிஸ் ட்ரூ. மாரிஸ் ஜோன்ஸ்-ட்ரூ என்ற பெயரில் 2011-இல் அமெரிக்காவின் தொழில்முறை ஃபுட்பால் லீகான என்எஃப்எல்லிலேயே பந்தோடு அதிக தூரம் ஓடியவர் அவர்தான், 1,606 கெஜம்.

புகழ் வந்தால் புகாரும் வரும். தனியார் பள்ளி, ஊர் எல்லை கிடையாது, எங்கிருந்தும் நல்ல ஆட்டக்காரர்களை இழுத்துக்கொள்கிறார்கள் என்று மற்ற பள்ளிகள் குறைப்பட்டன. அதில் நியாயம் இல்லை என்று சொல்ல மாட்டேன். அரசுப் பள்ளிக்குத் தன் வட்டாரத்துப் பிள்ளைகள்தான், இவர்களுக்கு அப்படியில்லை. ஆனால் நல்ல ஆட்டக்காரர்கள் குவிந்த பள்ளிகள் கலிபோர்னியாவில் எத்தனையோ இருந்தன, 12 வருடம் அசராமல் நின்றது இந்த ஒன்றுதான்.

இடைவேளையில் பெரியவர் குரல் இறங்கியது. 2004 ஆகஸ்ட் 12. முந்தைய வருடம் இங்கே ஆடிவிட்டு, ஓரிகான் பல்கலைக்கழகத்தில் ஆடக் கிளம்பிக்கொண்டிருந்த டெரன்ஸ் கெல்லியை ரிச்மண்ட் நகரத்தில் சுட்டுக் கொன்றுவிட்டார்கள். வயது 18. ஓரிகானுக்குப் புறப்பட இரண்டு நாள்தான் இருந்தது. தோழனை அடக்கம் செய்த பையன்கள், மூன்று வாரம் கழித்து செப்டம்பர் 4 அன்று சியாட்டிலில் பெல்வியூ பள்ளியோடு ஆட இறங்கினார்கள். ஐடி வேலையில் இருக்கும் நம்மவர்கள் நிறைய பேர் குடியிருக்கிறார்களே, அதே பெல்வியூ. 39-20. தொடர் அன்றோடு முடிந்தது. டெரன்ஸின் அப்பா மகன் பெயரில் ரிச்மண்ட் பிள்ளைகளுக்காக ஓர் அறக்கட்டளை தொடங்கினார். பத்து வருடம் கழித்து இந்தக் கதையை ஹாலிவுட்டில் படமாகவும் எடுத்தார்கள். பெரியவர் அந்தப் படத்தைப் பற்றிப் பேசவில்லை, டெரன்ஸைப் பற்றித்தான் பேசினார். "ரொம்ப சிரிப்பான்" என்றார். அதற்குமேல் சொல்லாமல் மைதானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அதன் பிறகும் பல வருடங்கள் வட கலிபோர்னியாவில் எந்தப் பள்ளியாலும் இவர்களைத் தோற்கடிக்க முடியவில்லை. 1991 டிசம்பருக்கு அப்புறம் அந்தப் பகுதி அணிகளோடு ஆடிய 318 ஆட்டங்கள் தோல்வி இல்லாமல் போயின. கடைசியில் 2021 செப்டம்பரில் மவுன்டன் வியூவின் செயின்ட் ஃபிரான்சிஸ் பள்ளி 31-28 என்று ஜெயித்தது. அதுவும் கத்தோலிக்கப் பள்ளிதான்.

லாடூசர் 2013 ஜனவரியில் ஓய்வு பெற்றார். 34 பருவங்கள்: 399 வெற்றி, 25 தோல்வி, 3 சமன். பொறுப்பை ஏற்றவர் அவரிடமே ஆடிய பழைய மாணவர் ஜஸ்டின் அலம்பா. 399 என்ற எண்ணைக் கேட்டதும் நான் அத்தானைத் திரும்பிப் பார்த்தேன். இன்னும் ஒரே ஒரு வெள்ளிக்கிழமை இருந்திருந்தால் 400. 99 ரன்னில் இருக்கிற ஆட்டக்காரன் தானாகவே பேட்டைக் கீழே வைத்துவிட்டு நடந்துவிட்ட மாதிரி.

"அந்த மனுசனுக்கு நம்பர் பெருசில்ல மாப்ள" என்றார் அத்தான்.

நாங்கள் பார்த்த ஆட்டத்திலும் பச்சை அணிதான் ஜெயித்தது. நடுவில் ஒரு தடவை, பந்தைத் தவறவிட்ட பையன் தலையைக் குனிந்துகொண்டு வெளியே வந்தான். கோச் யாரும் அவனிடம் போவதற்கு முன்னால் இன்னொரு பையன் போய் அவன் ஹெல்மெட்டோடு தன் ஹெல்மெட்டை ஒட்டிவைத்து ஏதோ சொன்னான். அந்த வாரம் அவனுடைய அட்டை இவன் கையில் இருந்திருக்குமோ என்று நான் யோசித்துக்கொண்டிருந்தேன். அடுத்த முறை உள்ளே போகும்போது தலை நிமிர்ந்திருந்தது.

கூட்டம் கலைந்தது. கரொண்டலெட் பெண்களும் பையன்களும் சேர்ந்த பேண்டு வாத்தியக் குழு கருவிகளைப் பெட்டியில் வைத்துக்கொண்டிருந்தது. பகலில் சுட்ட பெஞ்ச் இப்போது சில்லென்று இருந்தது. பெரியவர் பெஞ்சில் வைத்திருந்த பாப்கார்ன் பொரிகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கிப் பைக்குள் போட்டார். ஓரத்தில் தனியாக வைத்திருந்த, யாரும் தடுக்காமல் விடும் அந்த ஒருவனை மட்டும் கையில் எடுத்துக் காட்டி, "இவன் கண்ணைப் பார், காலைப் பார்க்காதே" என்றார். அடுத்த வாரம் வெளியூர் ஆட்டமாம், அதற்கடுத்த வெள்ளி இங்கேதானாம். நான் ஊருக்குத் திரும்பும் விமானம் அதற்கு மறுநாள். வருகிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன்.