அம்மாவின் முதல் வாக்கு

1986 தைப்பொங்கலோடு இலங்கை மலையகத் தேயிலைத் தோட்டங்களில் பிரார்த்தனைப் போராட்டம் தொடங்கியது. விடிந்ததும் வேலைக்குப் பேர் பதியப் பிரட்டுக்குப் போக வேண்டியவர்கள் மாரியம்மன் கோயிலுக்குப் போனார்கள். அம்மாவும் கொழுந்துக் கூடையை லயத்து வரிசை வீட்டு வாசலில் கவிழ்த்து வைத்துவிட்டுப் போனார். கேட்டது குடியுரிமை. அழைத்தவர் இலங்கைத் தொழிலாளர் காங்கிரஸ் தலைவர் சௌமியமூர்த்தி தொண்டமான். அப்போது அவர் அமைச்சர். அரசுக்குள் இருந்துகொண்டே அந்த அரசை நெருக்கினார். அந்த வருடமே வந்த சட்டத்தில் 94,000 பேருக்கு வழி பிறந்தது. 1988இல் இன்னொரு சட்டம் வந்தது. எங்கள் வீட்டுக்கு விடிவு அதில்தான்.

நம் பாடசாலைத் தமிழ் ஆசிரியர் வகுப்பின் பின் வாங்கில் இருந்த எங்களையும் எழுப்பிவிட்டுத் தொண்டமானுடைய கதையைச் சொன்னது நினைவிருக்கிறதா? 1947இல் நுவரெலியாவிலிருந்து முதல் பாராளுமன்றத்துக்குப் போனார். அடுத்த வருடமே தோட்ட மக்களை நாடற்றவர்களாக்கிய குடியுரிமைச் சட்டம். அப்புறம் அவர்களின் வாக்கும் போனது. 1952இல் சத்தியாக்கிரகம் இருந்தும் அசைவில்லை. 1960இலும் 1965இலும் நியமன உறுப்பினராகத்தான் உள்ளே போக முடிந்தது. 1977இல் நுவரெலியா – மஸ்கெலியா மூன்று அங்கத்தவர் தொகுதியில் மூன்றாவதாக வந்தார். மறுபடி வாக்குப் பெற்று வெல்ல முப்பது வருடம்!

1983இல் தமிழருக்கு எதிராக நடந்த கலவரத்துக்குப் பிறகும் அவர் அமைச்சரவையில் இருந்ததை அப்பா கடைசிவரை மன்னிக்கவில்லை. எனக்கும் அது உறுத்தல்தான். ஆனாலும் அவர் வெளியே வந்திருந்தால் எங்கள் கடதாசி எந்த மேசையில் கிடந்திருக்கும் என்று நினைத்துப் பார்க்கிறேன்.

குடியுரிமைக்குக் கொடுக்க வேண்டிய சத்தியக் கடதாசி நிரப்ப லயத்தில் எழுதத் தெரிந்தவர்கள் குறைவு. பிள்ளைகள் நாங்கள்தான் எழுதினோம். “பிறந்த இடம்?” என்று கேட்டேன். “இந்தக் காம்பராதான், எழுது” என்றார் அம்மா. பெருவிரலில் மை தடவி அழுத்தியபோது கை நடுங்கியது. கொழுந்துக் கறை ஏறிய விரலில் ரேகை சரியாக விழவில்லை. இரண்டாவது கடதாசி எடுத்தோம்.

அம்மா முதன்முதலாக வாக்களித்த சாவடி நம் பாடசாலைதான். நான் ஒன்பதாம் வகுப்பு படித்த அறை. பெற்றார் கூட்டம் எத்தனையோ நடந்தும் அரைப் பேர் விழுந்து அரை நாள் கூலி போய்விடும் என்று அம்மா ஒருநாளும் வந்ததில்லை. அன்றுதான் அந்த வாசற்படி ஏறினார். வெளியே வந்ததும், “நீ எந்த வாங்கில இருந்த?” என்று கேட்டார்.