கன்னி நாயும் உப்புத்தாள் பலகையும்: முன்னங்கால் முடிந்தது, பின்னங்கால் பாக்கி

என் நாய் வீராவின் முன்னங்கால் நகங்கள் இப்போது தரையைத் தொடுவதில்லை. உப்புத்தாள் ஒட்டிய பலகையில் அதுவே நகத்தைத் தேய்த்துக்கொள்ளப் பழக்கியிருக்கிறேன். டைல்ஸில் நடந்து வரும்போது கேட்கும் 'டக் டக்' சத்தம் பாதியாகக் குறைந்துவிட்டது. மிச்சப் பாதி பின்னங்காலிலிருந்து வருகிறது, அந்தக் கதை கடைசியில். நெயில் கட்டரைக் கையால் தொடாமல் இதுவரை வந்திருக்கிறோம் என்பதால் கொஞ்சம் பீற்றிக்கொள்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

வீரா கோவில்பட்டிப் பக்கத்திலிருந்து வந்த கன்னி, நம் ஊர் வேட்டை நாய் இனம். இந்த இனத்துக்கே கூச்சம் அதிகம், தொட்டால் சுருங்குகிற சுபாவம். போதாததற்கு நகம் அத்தனையும் கறுப்பு; டார்ச் அடித்துப் பார்த்தாலும் உள்ளே ரத்தக்குழாய் எங்கே முடிகிறது என்று தெரியாது. குட்டியாக இருந்தபோது ஒரு க்ளினிக்கில் இரண்டு பேர் அமுக்கிப் பிடித்து, ஒரே வெட்டில் உள்சதை வரைக்கும் போய்விட்டார்கள். அன்றிலிருந்து பாதத்தில் கை பட்டாலே உறுமல்.

"நாலு போடு போட்டா அடங்கிடும்" என்று பெரியப்பா சொன்னார். அடங்கும்தான், உறுமல் மட்டும். பயம் அப்படியே உள்ளே இருக்கும், அடுத்த முறை எச்சரிக்கை இல்லாமல் நேராகக் கடி விழும். உறுமுகிற நாய் நமக்கு ஒரு வாய்ப்புக் கொடுக்கிறது. வீரா விஷயத்தில் உறுமல் நாலாவது அறிவிப்பு. முதலில் தலையைத் திருப்பாமல் கண்ணை மட்டும் ஓரமாகத் திருப்பும், வெள்ளை விழி பிறை மாதிரி தெரியும். அப்புறம் நாக்கு ஒரு நொடி மூக்கைத் தொட்டுத் திரும்பும். அப்புறம் வாய் மூடி, உடம்பு விறைத்து, மூச்சே நின்றதுபோல இருக்கும். இந்த மூன்றில் ஏதாவது வந்தால் அன்றைய வேலை அத்தோடு சரி.

பழக்கும்போது பரிசாகக் கொடுக்கும் ஈரல் துண்டு முதலில் வரக்கூடாது. நம் ஆட்கள் பலரும் ஒரு துண்டைக் காட்டி நாயைக் கூப்பிட்டு, அது தின்னும் நேரத்தில் காலைப் பிடிக்கிறார்கள். அதில் நாய் கற்றுக்கொள்வது 'ஈரல் வந்தால் அடுத்து வலி' என்பதுதான். கொஞ்ச நாளில் டப்பா திறக்கும் சத்தத்துக்கே கட்டிலுக்கு அடியில் போய்விடும். காலைத் தொடு, கையை எடு, அதன் பிறகு ஈரல். தொடுவது நல்ல சேதி கொண்டுவருகிற மணியாக வேண்டும். ஒரு சத்தத்துக்குப் பின் சோறு போட்டுப் பழக்கினால் அந்தச் சத்தத்துக்கே நாய்க்கு எச்சில் ஊறும் என்று பாவ்லோவ் காட்டினாரே, அதே கணக்கு.

இடையில் ஒரு மின்சார நக அரம் வாங்கினேன். 'சத்தமே வராது' என்று பெட்டியில் போட்டிருந்தது. மனிதக் காதுக்கு வராது, சரி. நமக்கு 20,000 ஹெர்ட்ஸோடு முடிகிறது, நாய்க்கு 40,000-ஐத் தாண்டியும் கேட்கும். வீரா சத்தத்தைக் கேட்டு மாடிக்கு ஓடியது. அந்த அரம் இப்போது என் டூல் பெட்டியில் வேறு வேலைக்குக் கிடக்கிறது.

சரி, பலகைக்கு வருவோம். நாயே நகத்தைத் தேய்த்துக்கொள்ளும் பலகை பற்றி உங்களுக்கெல்லாம் தெரியும். ப்ளைவுட், உப்புத்தாள், அவ்வளவுதான் என்று தோன்றும். உப்புத்தாளை ஒட்டுவதில்தான் உயிர் போகிறது. வெள்ளை ஃபெவிகாலில் ஒட்டினால் தாள் ஈரம் குடித்து அலை அலையாக எழும்பும். அந்த மேட்டில் நகம் மாட்டினால் நாய் திடுக்கிட்டுக் காலை இழுத்துக்கொள்ளும், பழக்கியது எல்லாம் பாழ். செருப்புத் தைப்பவர்கள் பயன்படுத்தும் ரப்பர் பசைதான் சரி. இரண்டு பக்கமும் மெல்லிசாகத் தடவி, விரலில் ஒட்டாத அளவு காயவிட்டு, ஒரு ஓரத்திலிருந்து சப்பாத்திக் கட்டையால் உருட்டிக்கொண்டே போக வேண்டும். ஒருமுறை ஒட்டினால் நகர்த்த முடியாது, அதனால் பென்சில் கோடு போட்டுக்கொள்ளுங்கள். ஒட்டிய பிறகு வெயிலில் நன்றாகக் காய வேண்டும். பசை வாடை நமக்குப் போய்விட்டாலும் நாய்க்குப் போயிருக்காது. ஓரங்களில் துணி டேப்.

உப்புத்தாளின் சொரசொரப்பு நம்பர் விஷயத்தில் (நம்பர் ஏற ஏற தாள் மழமழப்பு) நான் 80-ல் நிற்கிறேன். 60 கரகரவென்று பிய்க்கிறது, நக முனை பிசிறடிக்கிறது. 120-ல் நகம் வழுக்கிக்கொண்டு போகிறது. தாளைவிடத் துணி எமரி, அதாவது தாளுக்குப் பதில் துணியில் ஒட்டி வருகிற சொரசொரப்பு, மேல். ஹார்டுவேர் கடையில் அடிக்கணக்கில் வெட்டித் தருகிறார்கள். அதைவிட நல்ல வழி ஒன்று கிடைத்தது. ஃபர்னிச்சர் பட்டறையில் மரத்தைத் தேய்க்கும் பெல்ட் சாண்டர் மெஷின் வைத்திருப்பார்கள், அவர்கள் கழற்றிப் போடும் பழைய பெல்ட்டைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். மரத்துக்குத் தேய்ந்துபோனது நகத்துக்கு அளவான சொரசொரப்பு. எங்கள் தெரு ஆசாரி ஒரு கட்டே தூக்கிக் கொடுத்துவிட்டு, எதற்கென்று கேட்டுச் சிரித்தார்.

பழக்கிய விதம் எல்லோரும் செய்வதுதான்: பலகைமேல் கை, கைக்கடியில் ஈரல், கால் பட்டதும் குறிச்சொல் (செய்தது சரி என்று அந்த நொடியே நாய்க்குச் சொல்லும் சொல்), பரிசு. அப்புறம் தொட்டால் மட்டும் போதாது, இழுத்தால்தான் பரிசு. குறிச்சொல் விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. 'சரி' என்று வைக்காதீர்கள். வீட்டில் ஒரு போன் பேசி முடிப்பதற்குள் எத்தனை 'சரி' விழுகிறது! நான் நாக்கைச் சொடுக்குகிறேன்.

என்னை அதிகம் படுத்தியது பலகையின் கோணம். தரையில் படுக்க வைத்தால் நகத்தோடு பாதத்தின் அடிச்சதையும் சேர்ந்து உரசுகிறது, சிவந்துவிடும். செங்குத்தாக நிறுத்தினால் நாய் பின்னங்காலில் எழுந்து பலகையையே தள்ளிவிடுகிறது. மாடிப்படியின் இரண்டாவது படியில் சாய்த்து ஏறக்குறைய 45 டிகிரி வந்தபோதுதான் நகம் முதலில் பட்டது, சதை தப்பித்தது. 'சரக்' என்று ஒரு இழுப்பு, தாளில் சாம்பல் நிறத்தில் நாலு கோடு. அந்த நாலு கோட்டைப் பார்த்துத்தான் எந்த விரல் எவ்வளவு தேய்கிறது என்று கணக்குப் போடுகிறேன். நடு இரண்டும் தடித்த கோடு, ஓரத்து இரண்டும் பெயருக்கு. நடு விரல்கள் நீளம் என்பதால் தட்டையான பலகையில் அவைதான் எல்லாத் தேய்ப்பையும் வாங்கிக்கொள்கின்றன. இதற்கு ஆறு அங்குல பிவிசி பைப்பை நீளவாக்கில் பிளந்து, உள்பக்கம் எமரி ஒட்டிப் பார்க்கப் போகிறேன். குழிவுக்குள் கால் இறங்கினால் ஓர நகங்களும் படும். பைப் வாங்கியாயிற்று, பிளக்கத்தான் ஆள் வேண்டும்.

தேய்ப்பதை எங்கே நிறுத்துவது என்பதற்கு நகத்தின் தேய்ந்த முனையைப் பாருங்கள். முதலில் வெளிறிப்போய்ச் சுண்ணாம்பு மாதிரி இருக்கும். நடுவில் கறுப்பாக, ஈரப்பளபளப்போடு ஒரு புள்ளி தெரிய ஆரம்பித்தால் போதும். ரத்தக்குழாய் ரொம்பப் பக்கத்தில் இருக்கிறது என்று அர்த்தம். விடாமல் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்த்து வந்தால் அந்தக் குழாயும் உள்வாங்கும், ஒரே நாளில் குட்டையாக்க வேண்டிய அவசரமில்லை. ரத்தம் வந்தால் நிறுத்தப் படிகாரமோ சோளமாவோ பக்கத்தில் வைத்துக்கொள்வது எப்போதும் நல்லது, எனக்கு இதுவரை வேலை வரவில்லை.

மணிக்கட்டுக்குப் பக்கத்தில் மேலே இருக்கும் கட்டைவிரல் நகம் பலகைக்கு எட்டாது. தேயவும் தேயாது, விட்டால் வளைந்து சதைக்குள்ளேயே இறங்கும். அதற்குக் கையரம்தான். தொடுவதற்கு இப்போது வீரா சம்மதிக்கிறது, ஒரு பக்கம் நாலு இழுப்பு வரைக்கும்.

பின்னங்கால்தான் பிடிவாதம். காலைக் கடன் முடித்ததும் மண்ணைப் பின்னால் எட்டி வாருகிற பழக்கம் வீராவுக்கு உண்டு. அந்த நேரத்துக்குப் பலகையை அடியில் வைத்து, வாரியதும் நாக்கைச் சொடுக்கிப் பரிசு கொடுத்தால் வரும் என்று கணக்கு. ஆனால் பலகையைக் கண்டதும் திரும்பி நின்று முன்னங்காலால் சரக் சரக்கென்று இழுத்துவிட்டு என் முகத்தைப் பார்க்கிறது. முன்னங்காலை அவ்வளவு நன்றாகக் கற்றுக்கொண்டிருக்கிறது! வேறு நிறத்தில் தனிப் பலகை, அதைப் பார்க்கில் மட்டும் எடுப்பது என்று முடிவு.

அதற்கு நடுவே பூனை வேலை வேறு. மீனுக்குட்டி சோபாவின் ஒரு கையைக் கிழித்து முடித்து, அடுத்த கைக்கு வந்துவிட்டது. பூனைக்கு உப்புத்தாள் வேண்டவே வேண்டாம், பாதம் புண்ணாகும். அது சொறிவது பழைய நக உறையைக் கழற்றவும், உடம்பை நீட்டவும், பாதத்து வாசனையை இடத்தில் பதிக்கவும். அதனால் தூண் ஆடக்கூடாது, முழு உடம்பும் நீளும் உயரம் வேண்டும், மூன்றடியாவது. நிற்க வேண்டிய இடம் அந்த சோபாவுக்குப் பக்கத்திலேயே, பால்கனி மூலையில் அல்ல. பொள்ளாச்சியில் இருக்கும் தம்பி தேங்காய் நார்க் கயிறு அனுப்புகிறேன் என்றான். சணலா நாரா என்று இன்னும் யோசனை, நார் பிசிறு உதிரும்.

பின்னங்காலைப் பழக்கியவர்கள் யாராவது இருந்தால், பலகையை எந்தச் சாய்வில் வைத்தீர்கள் என்று சொல்லுங்கள்.